எதிரில் நிற்பவரின் சாப்பாடு

எங்கள் அடுக்ககத்தின் கீழே கதவுக் கிரில் செய்யும் பட்டறை ஒன்று அண்மையில் வந்திருக்கிறது. காலையில் அவர்கள் இரும்பைக் காய்ச்சத் தொடங்கினால், அந்த மணம் படியேறி வந்து என் சமையலறைக்குள் நுழைந்துவிடும். மற்ற வீட்டுக்காரர்களுக்குத் தலைவலி வருகிறதாம். எனக்கு நடப்பது வேறு. மணம் எட்டிய மறுகணம் என் கை தன் போக்கில் அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து, உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று துழாவிப் பார்க்கிறது. டிரம் நிறைந்துதான் இருக்கும். ஆனாலும் கை நம்புவதில்லை. "இன்னாம்மா, அரிசி எழுந்து ஓடிடுமா?" என்று மகள் சிரிக்கிறாள். அவளுக்கு விளக்கிச் சொல்லப் பொறுமை போதவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

காய்ந்த இரும்பின் மணம் எனக்குள் இரண்டு உணர்வுகளை ஒன்றாகவே எழுப்பும்: பசி, பயம். திருமணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்த புதிதில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாமல் பழகிவிட்டேன். தொழிற்பேட்டையை ஒட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். என் கணவருக்குச் சொந்த ஊர் ஆரம்பாக்கம். நிலம் அண்ணன் தம்பிகளுக்குள் பிரிந்து பிரிந்து, நின்று பார்க்க மட்டுமே போதும் என்ற அளவுக்கு வந்திருந்ததால், இரும்புக் கம்பி உருட்டும் ரோலிங் மில் ஒன்றில் வாரக்கூலிக்குச் சேர்ந்திருந்தார்.

அந்த வேலையை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். உலையிலிருந்து செக்கச்சிவந்து வரும் இரும்புப் பாளத்தை உருளைகளுக்கு நடுவே செலுத்துவார்கள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், இருவர் கையிலும் நீண்ட இடுக்கி. இவர் தள்ளியதை அவர் பிடிக்க வேண்டும். பிடித்துத் திருப்பி அடுத்த இடுக்கில் செருக வேண்டும். அதை இவர் பிடிக்க வேண்டும். போகப் போகப் பாளம் மெலிந்து, நீண்டு, உயிருள்ளது போல நெளியத் தொடங்கும்போது ஒரு பிடி தவறினால் அது எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. கால்களில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். அதுதான் அவர்களின் கவசம்.

வீட்டுக்கு வந்ததும் அவர் மீதும் அந்த இரும்பு மணம் இருக்கும். தட்டின் முன் அமர்ந்து அவர் முதல் கவளத்தை எடுக்கும்போது அந்தக் கை நடுங்குகிறதா என்று நான் ஓரக்கண்ணால் பார்ப்பேன். பார்க்காதது போல ரசம் ஊற்றுவேன்.

ஊத்துக்கோட்டைப் பள்ளியில் மனையியல் படித்தவள் நான். சரிவிகித உணவு அட்டவணைக்கு வண்ணம் தீட்டியதில் எனக்குப் பரிசுகூடக் கிடைத்தது. பால், பழம், பருப்பு, பச்சைக் காய்கள் எல்லாம் அந்த அட்டையில் கோபுரம் போல அடுக்கப்பட்டிருக்கும். கோபுரத்தின் உச்சியில் ஓர் ஆப்பிள். வாரக்கூலி கைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அந்த அட்டையின் நினைவோடு மளிகைக் கடைக்குப் போய் நின்றவளைப் பற்றி நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்புதான்.

கடை, பழவேற்காட்டிலிருந்து வந்த பாய் ஒருவருடையது. நாக்கு நீளம், மனம் அதைவிட நீளம்.

"வாம்மா ஊத்துக்கோட்ட மகாராணி, இன்னிக்கு இன்னா எல்லாம் கால் கிலோ?"

"தொவரம்பருப்பு கால், பட்டாணிப் பருப்பு அரை, பாய்."

"ரெண்டையும் கலந்து வேக வெச்சா ஊட்டுக்காருக்குத் தெரியாதா?"

"மஞ்சளா இருந்தா போதும், அவருக்கு அது சாம்பாரு."

பாய் சிரித்துக்கொண்டே பொட்டலம் மடிப்பார். பழைய வாரப் பத்திரிகைத் தாள்களில் கதை வந்த பக்கமாகப் பார்த்து எனக்கு மடிப்பது அவர் வழக்கம். நான் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குவதை நிறுத்திவிட்டேன் என்று அவருக்குத் தெரியும். அப்படி நான் படித்த கதைகளில் பாதிக்கு முடிவே கிடையாது. கடுகுப் பொட்டலத்தில் ஒருத்தி ரயிலேறினாள். எங்கே இறங்கினாள் என்பது வேறு யாருடைய வீட்டு மிளகாய்ப் பொட்டலத்திலோ போயிருக்கும்.

எங்கள் வாரம் ஞாயிறன்று தைரியமாகத் தொடங்கும். அன்று காரப்பொடி மீன். மலிவு, முள் அதிகம், குழம்பு மறுநாளைக்கும் வரும். செவ்வாய் மொச்சையும் கருவாடும். புதன் அந்த மஞ்சள் சாம்பார். வியாழன் பழைய சோறும் துவையலும். அங்கிருந்து வாரம் கீழிறங்கத் தொடங்கும். வெள்ளிக்கிழமை ரேஷன் அரிசிக் கஞ்சிதான். கூலி அன்று மாலைதான் வரும். ஆக, வாரத்திலேயே வயிறு ஒட்டிப்போன நாளில்தான் அவர் அந்தக் கம்பிக்கு முன் நிற்க வேண்டும். என் பயம் முழுவதும் அந்த ஒரு நாளில் குடியிருந்தது. பசித்தவனுக்குக் கண் இருட்டும் என்பதை மனையியல் ஆசிரியை எனக்குச் சொல்லித் தந்திருந்தார். இருட்டும்போது எதிரில் என்ன வரும் என்பதை அவர் சொல்லவில்லை.

அதனால் ஒரு முட்டையை ஒதுக்கினேன். அதற்குள் மகள் பிறந்து வளர்ந்திருந்தாள்; அவளுக்கு ஞாயிறன்று வாங்குவதில் ஒன்றை அரிசிக்குள் புதைத்து வைத்து, வெள்ளிக்கிழமை அவித்து, அவர் டப்பாவில் கஞ்சிச் சோற்றுக்கு அடியில் ஒளித்து அனுப்புவேன். அவர்கள் குடும்பத்தில் வெள்ளிக்கிழமை கவுச்சி ஆகாது, முட்டையும் கவுச்சிதான். முதல் முறை கண்டுபிடித்தபோது, "அம்மன் கோச்சுக்கப் போவுதுமே" என்றார். "அம்மனா வந்து இடுக்கி புடிக்கப் போவுது?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட வாய்க்கு அன்று முழுவதும் உள்ளூர நடுக்கம்.

முட்டை போயும் அவர் மெலிந்துகொண்டே வந்தார். சட்டைக் கழுத்து பெரிதானது. எனக்குத் தெரிந்த நோய்களையெல்லாம் மனத்துக்குள் ஒவ்வொன்றாக அவருக்கு அணிவித்துப் பார்த்தேன். அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் குழாயடியில் பக்கத்து வீட்டு சொர்ணா அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டாள். அவள் கணவரும் அதே மில்தான்.

"ஏண்டி, நீ வெக்கற முட்டைய யாரு துன்றாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"ஏன்க்கா, அவருதான்."

"கிழிச்சாரு. எதிர்ல நிக்கறானே ஒடிசாக்காரன், சுதாமு, பாதி டப்பா அவனுக்குத்தான். எங்காளு சொல்லிச் சொல்லிச் சிரிக்குது. நீ இன்னாடான்னா இங்க கஞ்சித் தண்ணியக் குடிச்சிக்கினு கீற."

அன்று மாலை அவர் கால் கழுவி உள்ளே வரும்வரை பொறுத்திருந்தேன். நான் பொறுமைசாலி என்று பெயரெடுத்தவள். அன்று அந்தப் பெயர் வாசல்படிவரைதான் வந்தது.

"புள்ள வாய்லருந்து எடுத்து உங்களுக்கு வெக்கறேன். நீங்க அங்க தர்மம் பண்ணிக்கினு கீறீங்களா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. துண்டால் முகத்தை மெதுவாகத் துடைத்தார்.

"தர்மமா? நல்லா கேட்டியே. பயந்துக்கினு குடுக்கறேன்மே. அவன் டப்பு மொத்தத்தையும் ஊருக்கு அனுப்பிடறான். காலைல நாஷ்டா பொரியும் பச்ச மொளகாயும், மத்தியானமும் அதே. வெள்ளிக்கிழம ஆனா அவன் கை நடுங்குது, நான் பாக்கறேன். நான் தள்ற கம்பிய அவன் புடிக்கலன்னா அது சுத்திக்கினு எங்க வரும்? எங்கிட்டதான். அவன் வயிறு காஞ்சா என் காலு போவும். புரிதா?"

புரிந்தது. புரிந்த நொடியில் என் பயம் இரட்டித்தது. அதுவரை ஒரு வயிற்றை நிரப்பினால் போதும் என்று நினைத்திருந்தேன். என் கணவரின் கால் இன்னொருவர் வயிற்றில் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவேயில்லை. முன்பின் பார்த்திராத ஒருவர் அன்று மதியம் என்ன சாப்பிட்டார் என்பதைப் பொறுத்து என் வீட்டின் மறுநாள் இருந்தது.

வாரத்தை மறுபடி பிரித்துக் கோத்தேன். துவரம்பருப்பு நின்றது, பட்டாணிப் பருப்பே சாம்பாரானது. காப்பித்தூள் நின்றது. சாலையோர முருங்கைகள் எல்லாம் எனக்கு உறவாயின. "இன்னாம்மா, ஊட்ல ஆளு கூடிச்சா? அரிசி ஜாஸ்தியா போவுது?" என்று பாய் கேட்டார். "ஆமா பாய், எதிர்ல ஒருத்தரு" என்றேன். விளங்கியதோ இல்லையோ, படியின் மேல் ஒரு பிடி அதிகம் விழுந்தது.

இரண்டாவது டப்பா போகத் தொடங்கியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுதாமை என் கணவர் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தார். ஒல்லியான உடம்பு, கண்ணோரமெல்லாம் உலை வெக்கையில் சுருங்கிய தோல். கையில் ஒரு பை உருளைக்கிழங்கு. வெறுங்கையோடு வரக் கூச்சம் போல. காரப்பொடியை முள் எது சதை எது என்று பார்க்காமல் அவர் உண்ட வேகத்தைக் கண்டு, "டேய், மெதுவா. முள்ளு மாட்டுனா அத வேற நான்தான் இடுக்கி போட்டு எடுக்கணும்" என்றார் என் கணவர். "பாபி மீன் நம்பர் ஒன், அண்ணா. காரம் மட்டும் உலை மாதிரி" என்றார் சுதாம். பாபி என்றால் அண்ணியாம். மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிய எல்லாரும் சிரித்தோம்.

வியாழக்கிழமைப் பழைய சோற்றை வெளி மனிதருக்குக் கொடுத்தனுப்ப எனக்குப் பெரிய வெட்கமாயிருந்தது. தயங்கித் தயங்கித்தான் அனுப்பினேன். டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது, கூடவே செய்தியும்: அவர்கள் ஊரிலும் அதுதானாம், சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் உண்பார்களாம்.

எங்கள் லைன் வீடுகளில் மில்லின் ஓசை சுவர் வழியே வரும். அலமாரித் தட்டுகள் பகலெல்லாம் மெல்ல அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த அதிர்வுதான் எங்களுக்கு நிம்மதி. நேரமல்லாத நேரத்தில் அது நின்றால், அங்கே ஏதோ நடந்துவிட்டது என்று பொருள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நின்றது. கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தேன். தட்டுகள் அமைதியாயின. வாசலுக்கு வந்தால் சொர்ணா அக்கா, கையில் பிசைந்த மாவோடு.

"நின்னுடுச்சுடி" என்றாள். அவ்வளவுதான். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மில் வாயிலில் பெண்கள் நின்றிருந்தோம். காவலாளி திறக்கவில்லை. "கம்பி கெளம்பிடுச்சாம்" என்றது ஒரு குரல்; பிடி தவறிப் பாய்ந்துவிட்டதாம். "யாருக்கு?" என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் பதில் வந்துவிடும். அந்த நேரத்தில் என் மனம் என்ன செய்தது தெரியுமா? டிரம்மில் அரிசி எவ்வளவு இருக்கிறது, இனி கூலி வராவிட்டால் எதுவரை தாங்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தது. கடவுளை வேண்டக்கூட அதற்குத் தோன்றவில்லை. பயம் இவ்வளவு அற்பமாகவா இருக்கும் என்று அப்போதே வியந்தேன்.

கதவு திறந்தது. ஆட்கள் வெளியே வந்தார்கள். என் கண்கள் முதலில் தேடியது என் கணவரை அல்ல. தலையில் துண்டோடு, முழுசாக, இரண்டு காலாலும் நடந்து சுதாம் வருவதைக் கண்டேன். எதிரில் நிற்பவர் சிரித்துக்கொண்டு வந்தால் என்னுடையவருக்கும் ஒன்றுமில்லை. என் கணவர் பின்னால் வருவதைப் பார்க்கும் முன்பே மகளை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டேன்.

"பாபி, கரண்ட் கட்!" என்றார் சுதாம்.

சொர்ணா அக்கா மின்வாரியத்தின் மூன்று தலைமுறையைத் திட்டித் தீர்த்தாள். "கரண்ட்ட புடுங்கறதுக்கு ஒரு நேரங்காலம் இல்ல? எங்க உசுரையும் சேத்துப் புடுங்கறானுங்களே!" என் கணவர் நெருங்கி வந்து, "இங்க இன்னாமே நிக்கற? அடுப்புல இன்னா வெச்சுட்டு வந்த?" என்றார். கஞ்சி அடிப்பிடித்துக் கரியாகியிருந்தது. மகள் முகம் சுளிக்க, அதையேதான் உண்டோம்.

அந்தக் காலம் எப்படி முடிந்தது என்றால், ஓசையின்றி முடிந்தது. உலையின் வெளிச்சத்தில் அவர் கண்களில் புரை விழுந்தது. மருத்துவர் இனி நெருப்பின் பக்கம் போகாதே என்றார். ஒரு கிடங்கில் காவல் வேலை கிடைத்தது, மாதச் சம்பளம். நாங்கள் பொன்னேரிப் பக்கம் குடிவந்தோம். சுதாமுக்கு எதிரே வேறு யாரோ நின்றார். அந்த ஆளின் வீட்டில் சமைத்த பெண், எதிரில் நிற்பவர் என்ன உண்கிறார் என்று விசாரித்தாளோ என்னவோ.

பாய் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. லைன் வீடுகள் இடிந்து சரக்குப் பெட்டிகள் நிறுத்தும் வெளியாகிவிட்டன. வாரத்தை ஞாயிறில் தொடங்கி வெள்ளியில் நடுங்கும் வழக்கம் எங்களிடமிருந்து போய்விட்டது. மாதத்துக்கு ஒருமுறை சாமான் வாங்குகிறோம், தேவையில்லாததும் கூடையில் ஏறுகிறது. மில்லை மூடிவிட்டார்கள் என்று எனக்கு யாரோ பேருந்தில் சொல்லித்தான் தெரியும். அத்தனை ஆண்டுகள் எந்த ஓசை நின்றுவிடுமோ என்று காதைக் கொடுத்துக் காத்திருந்தேனோ, அது ஒரேயடியாக நின்ற நாளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கு நினைவில்லை. எந்தத் தட்டும் அமைதியாகி எனக்குச் சொல்லவில்லை.

அந்த வாரமே சுதாம் ஊருக்கு ரயிலேறிவிட்டாராம். ஒரு காலத்தில் அவருடைய ஒவ்வொரு மதியமும் எனக்குத் தெரியும். அன்று அவர் என்ன சாப்பிட்டுக் கிளம்பினார் என்று மட்டும் தெரியாது.