கதாநாயகனை மந்தையில் வைத்து விசாரித்தோம்

பெண் பார்க்கக் கிளம்பிய அந்தக் கதாநாயகனை நான் திட்டிய திட்டில், அடுப்பில் இருந்த சாமைச்சோறு அடிபிடித்துவிட்டது. முந்தின வாரம்தான் ஒருத்தியின் கையைப் பிடித்து, "உன்னைத் தவிர எவளையும் மணக்கமாட்டேன்" என்றான். இந்த வாரம் அம்மா ஒரு சொல் சொன்னதும், பணக்கார வீட்டுக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டுவிட்டான். எடுபட்ட பயல்! தொடர்கதை எழுதினவர் மட்டும் கொல்லிமலை ஏறி வந்திருந்தால் சும்மா இறங்கியிருக்கமாட்டார்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் படித்த திமிர் எனக்கு. வாரப் பத்திரிகையைக் கொண்டுவந்து தருபவர் என் அத்தை மகன், பெரக்கரை நாட்டுக்காரர்; எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. எங்களுக்குப் பரிசம் போட்டாகிவிட்டது. அறுவடை முடிந்ததும் கல்யாணம். மிளகு மூட்டையோடு அடிவாரச் சந்தைக்கு இறங்குவார். திரும்பும்போது உப்போடு பத்திரிகையும் மலையேறும்.

அன்றும் அதைக் கொடுத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க மாமா, நீங்களும் படிச்சீங்கல்ல? இவன் பண்ணுனது நாயமுங்களா?"

"படிக்காம? பாதி மலையில உக்காந்து படிச்சுப்போட்டுத்தானே வாரேன். அவன் பண்ணுனது சரிதான் புள்ள. வேற என்ன பண்ணுவான்?"

சொல்லிவிட்டு அடுத்த சுளையை எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அப்பாவிடம் போய், இந்தக் கல்யாணமே வேண்டாம் என்றேன்.

"கதையில வாரவன் பண்ணுனதுக்கு இவன் என்ன சாமி பண்ணுவான்?" என்றார் அப்பா.

"கைவிட்டவனுக்குப் பரிஞ்சு பேசறவரு நாளைக்கு என்னையும் கைவிடுவாருங்க."

பரிசம் போட்டதை முறிப்பதென்றால் ஊர்க்கவுண்டர் முன்னால் சொல்லியாக வேண்டும். இரண்டு நாட்டுப் பெரியவர்களும் ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் கூடினார்கள். விசாரணை என்னவோ கதாநாயகனைப் பற்றித்தான்.

"அந்தப் பையன் எந்த நாடு?"

"பட்டணத்துக்காரனுங்க."

"பரிசம் போட்டுட்டானா?"

"வாய்ப்பேச்சுதானுங்க."

"அவனக் கூட்டியார முடியுமா?"

"கதையில வாரவனுங்க!"

ஊர்க்கவுண்டர் தாடையைச் சொறிந்தார். "அப்ப என்ன எழுதியிருக்குதுன்னு கேட்டுப்போடலாம். மாப்பிள்ளையே படிக்கட்டும்."

மாமா பத்திரிகையை வாங்கினார். வசமாக மாட்டினாரா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஆனால் அவர் கண் வரிகளின் மேல் நகரவேயில்லை. பக்கத்தின் உச்சியில் இருந்த படத்திலேயே நின்றது. கொட்டும் மழையில் ஒருவன் குடையை விரித்துக்கொண்டு வாசலைத் தாண்டுகிற படம். பக்கத்தைத் திருப்பினார், மறுபடி படத்துக்கே வந்தார். கூட்டம் காத்திருந்தது.

அட மனுஷா! ஒரு எழுத்துக்கூடத் தெரியாதா? ஒரு வருஷமாக என்னிடம் அளந்ததெல்லாம் வெறும் புளுகா? இன்னும் கொஞ்ச நேரம் போனால் இரண்டு நாடும் கைகொட்டிச் சிரிக்கும். பிறகு அவர் எங்கள் ஊர்ப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். கோபம் போன இடம் தெரியவில்லை.

"அவருக்குத் தொண்ட கட்டியிருக்குதுங்க, நானே படிக்கிறேன்" என்று பிடுங்கிக்கொண்டேன்.

படித்தேன். கதாநாயகன் அம்மாவை எதிர்த்து நின்றான். "மணந்தால் அவளையே மணப்பேன்" என்று முழங்கிவிட்டு, அவளைத் தேடி மழையில் புறப்பட்டான். அச்சில் அப்படி ஒரு வரியும் கிடையாது.

"ஏங் கண்ணு, தங்கமான பையனா இருக்கறான்! மாப்பிள்ள சொன்னது சரிதானே? படிச்சது உனக்குப் புரியலையா?" என்றார் ஊர்க்கவுண்டர். மந்தையே சிரித்தது. என் நாலு வருஷப் படிப்பின் மானம் காற்றில் பறந்தது.

"புரியாமப் போச்சுங்க" என்றேன்.

கூட்டம் கலைந்ததும் மிளகுக்கொடிகளுக்குப் பக்கத்தில் மாமாவை மடக்கினேன். "எழுத்தே தெரியாத ஆளு, எதை வெச்சு அவன் பண்ணுனது சரின்னீங்க?"

"தெரியாதுன்னா நீ கட்டிக்கமாட்டயோன்னு பயந்துதான் புள்ள... படத்தப் பார்த்துத்தான் சொன்னேன். அத்தன மழையில ஒருத்தன் குடையத் தூக்கிக்கிட்டுக் கிளம்பறான்னா, அவளக் கூட்டியாரத்தானே போவான்? வேற எதுக்குப் போவான்?" கொஞ்சம் தயங்கிக் கேட்டார்: "நீ படிச்சதுதானே அதுல போட்டிருக்குது?"

"அதேதானுங்க மாமா" என்றேன்.