பால் பொங்காத அடுப்படி

கொடைக்கானலுக்குக் கொத்தனார் வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே குளிரை விடப் பெரிய தொந்தரவு, மலைக்குக் கீழே இருந்து வரும் வீட்டு ஓனர்கள். குளிராவது வெயிலடித்தால் போய்விடும்.

1. மாடர்ன்

அப்படி ஓர் ஓனர், மதுரைக்காரர். பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஏரிக்கு மேலே ஒரு சந்தில் சின்ன ஓட்டு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். குடியிருந்தவர் ரோஸி. பன் சுட்டு டீக்கடைகளுக்குப் போட்டு, இரண்டு பெண் பிள்ளைகளைத் தனியாளாகப் படிக்க வைக்கிறவர்.

"மேஸ்திரி, கிச்சனை மாடர்னாக்கணும். செலவு மட்டும் கையக் கடிக்கக் கூடாது" என்றார் சார். போனில் ஒரு படம் காட்டினார். படத்திலிருந்த குழாய்க்கே அவர் பட்ஜெட் போதாது. "செஞ்சிரலாம் சார்" என்றேன். முதல் நாளே முடியாது என்று சொன்ன எந்தக் கொத்தனாரும் எங்கள் ஊரில் பிழைத்ததில்லை.

விறகடுப்பையும் புகைபோக்கியையும் இடிக்க வேண்டும். அந்தச் சுவரில் பள்ளத்தாக்கைப் பார்த்து அகலமாக ஒரு ஜன்னல், மேலே எக்ஸாஸ்ட் ஃபேன், கீழே கேஸ் அடுப்புக்கு மேடை. "அனல் வெளிய போகணும், காத்து உள்ள வரணும். அதான் கிச்சன்" என்று விளக்கினார். மதுரைக்கு அது சரி. எங்கள் ஊரில் அனலை வெளியே அனுப்பக் காசு கொடுத்த முதல் ஆள் அவர்தான்.

"சார், அந்த அடுப்புச் சூட்டுலதான் பன்னு மாவு பொங்கும். அத எடுத்துட்டா என் சோலி முடிஞ்சிரும்" என்றார் ரோஸி.

"எல்லாம் பழகிரும்மா." வேலை முடிந்ததும் வாடகை கூடும் என்பதையும் சார் அப்போதே சொல்லிவிட்டார். கட்டுப்படியாகாவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாமாம். என்ன ஒரு பெருந்தன்மை.

நானும் ரோஸிக்காக ஒரு வார்த்தை சொன்னேன். இரண்டாவது வார்த்தை சொல்லியிருந்தால் வேலை வேறு மேஸ்திரிக்குப் போயிருக்கும்.

2. காற்றோட்டம்

பட்ஜெட்டில் பாதியை ஜன்னலே தின்றுவிட்டது. அலமாரிக்கு இருப்பதிலேயே மட்டமான பிளைவுட். ஈரத்தில் ஊதி, ஒருமுறை சாத்திய கதவு பிறகு திறக்கவே இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் நன்றாக உழைத்தது. வெளிக்காற்று அடித்த அடியில், சுவிட்ச் போடாமலேயே தலைகீழாகச் சுற்றி மூடுபனியை உள்ளே தள்ளியது. சாருக்குக் கரண்ட் மிச்சம்.

ரோஸி மாவுச் சட்டிக்குக் கம்பளி போர்த்திப் பார்த்தார். மாவு அசையவில்லை. டீக்கடைக்காரர் பன்னைத் திருப்பி அனுப்பினார். "அக்கா, இத முக்குனா டீதான் ஆறுது, பன்னு ஊறல." இடித்துப் போட்ட செங்கல்லைப் பொறுக்கி, பின்பக்கத் தகரக் கொட்டகையில் ரோஸியே ஓர் அடுப்பு கூட்டிக்கொண்டார். பார்க்க எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

3. நல்ல நேரம்

தை பிறந்ததும் சாரும் அவர் மனைவியும் காரில் வந்து இறங்கினார்கள். புது அடுப்படியில் பால் காய்ச்ச வேண்டுமே. அந்த அம்மா புதுப் பாத்திரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பாலை ஊற்றிக் கேஸைப் பற்ற வைத்தார். தீ படுத்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்தினோம். காற்று ஃபேன் ஓட்டை வழியாக வந்தது. சார் முறத்தை எடுத்து அதை மறைத்துக்கொண்டு நின்றார். மேனேஜர் வேலையில் அந்தப் பயிற்சி கிடையாது போல, முறம் நழுவிக்கொண்டே இருந்தது.

"என்னங்க, பால் பச்சத்தண்ணியாட்டம் கெடக்கு. நல்ல நேரம் முடியப் போகுது" என்றார் அம்மா. புது அடுப்படியில் பால் பொங்காவிட்டால் ஆகாது என்று அவருக்குப் பயம்.

பின்வாசலில் நின்ற ரோஸி சொன்னார்: "கொட்டகையில அடுப்பு எரியுதும்மா. வெரசா கொண்டாங்க."

கொட்டகையில் வைத்த கொஞ்ச நேரத்தில் பால் பொங்கி வழிந்தது. அம்மா அங்கேயே ஒரு பலகையில் உட்கார்ந்து குளிர்காய்ந்தார். கூப்பிட வந்த சாரும் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை.

"பால் எங்க பொங்குச்சோ அதாங்க அடுப்படி. இந்த அடுப்ப மறுபடி உள்ளயே கட்டச் சொல்லுங்க" என்றார் அம்மா.

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார் சார்.

பாதி ஜன்னலை அடைத்தேன், ஃபேன் ஓட்டையை அடைத்தேன், அடுப்பையும் புகைபோக்கியையும் பழைய இடத்திலேயே எழுப்பினேன். முடிந்த அன்று சார் சூடான பன்னைக் கடித்தபடி ஆரம்பித்தார். "கிச்சன் புதுசாயிருச்சு ரோஸி. வாடகைய..."

ரோஸி சுற்றிலும் ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். "நான் குடி வந்தப்ப இருந்த அதே அடுப்படிதான சார் இது? இதுக்கு எதுக்குக் கூடக் குடுக்கணும்?"

சார் பன்னைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா சிரித்துவிட்டார். "அவ சொல்றது சரிதானங்க."

வாடகை கூடவில்லை. ரோஸி இன்றைக்கும் அங்கேதான் பன் சுடுகிறார். அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

பாடம் இதுதான் தம்பிகளே. ஓர் அடுப்படியில் கை வைக்கும் முன், அங்கே சமைக்கிறவரைக் கேளுங்கள். நான் கேட்டு நடந்திருந்தால் அந்த வீட்டில் இடிக்கவும் வேலையில்லை, திரும்பக் கட்டவும் வேலையில்லை, எனக்கு இரண்டு கூலியும் இல்லை. எங்கள் தொழிலில் யாரும் கேட்பதில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.