ஷைஜாவின் பெயரில் வந்த ஒரே கதை

புதுக்கடை சந்திப்பில் பத்திர எழுத்தர் ஜான்ரோஸின் அலுவலகத்தில் ஷைஜா பதினொரு வருடமாகத் தட்டச்சு செய்கிறாள். தமிழ் எம்.ஏ. படித்தவள். கல்லூரியில் அவளுடைய இரண்டு கதைகளுக்குப் பரிசு கிடைத்தபோதே எழுத்தாளர் ஆவதென்று முடிவு செய்திருந்தாள். பிறகு திருமணம். கணவன் ஜெரிஷ் மஸ்கட்டில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பொடிந்து திரும்பினான். அன்றிலிருந்து அவள் வேலையில்தான் வீடு ஓடுகிறது. எழுத்துக்கு மிஞ்சியது மதியச் சாப்பாட்டு நேரம் மட்டும்.

சென்ற வருடம் இசபெல் என்ற பெண் வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அப்பா வீட்டில் தனக்குள்ள பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுத வந்திருந்தாள். தம்பி வெளியே காரிலேயே இருந்தான். கையெழுத்துப் போடும் முன் இசபெல் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"பிள்ளே, இதுல ஒப்பு போட்டாச்சுன்னா, பின்ன அந்த வீட்டுக்குள்ள கேட்டுட்டுத்தான் போவணுமா?"

"அப்படியெல்லாம் இல்லக்கா" என்றாள் ஷைஜா. வேறென்ன சொல்வது?

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. மூன்று மாதம் மதியங்களில் உட்கார்ந்து கதையாக்கினாள். பெயரை மாற்றினாள், ஊரைத் தேங்காய்ப்பட்டணம் ஆக்கினாள், தம்பியை அண்ணனாக்கினாள். கேள்வியை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. ஒரு சிற்றிதழில் கதை வந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்று தன் பெயரைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் இரண்டு பஸ்களை விட்டாள்.

பத்து நாளில் அந்தப் பக்கங்கள் யார் யார் வாட்ஸ்அப்பிலோ சுற்றி இசபெலின் தம்பியிடம் போய்ச் சேர்ந்தன. அவன் அலுவலகத்துக்கு வந்து சண்டை போட்டுவிட்டுப் போனபின் ஜான்ரோஸ் இதழை அவள் மேசையில் வைத்தார். கெட்ட மனிதரல்ல. ஜெரிஷ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முகம் சுளிக்காமல் லீவு தந்தவர்.

"இங்க வாறவன் நம்மள நம்பிக் குடும்பத்தையே தொறந்து காட்டுகான். அத நீ கதையாக்கினா இனி எவன் வருவான்? எழுதணும்னா எழுது, ஷைஜா. இங்க இருந்துட்டு எழுதாத."

"இனி எழுதல்ல சார்."

அவ்வளவு சீக்கிரம் அது தன் வாயிலிருந்து வந்தது அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இசபெலின் வீட்டுக்குப் போனாள். இசபெல் உட்காரச் சொன்னாள், சாயா போட்டுத் தந்தாள். கதையைப் படித்த அன்றே தம்பி அப்பா வீட்டுக் கேட்டைப் பூட்டிவிட்டதாகச் சொன்னாள்.

"மன்னிச்சிருங்க அக்கா. நான் பேரெல்லாம் மாத்தித்தான்..."

"நீ பொய் எழுதியிருந்தா, அது நானில்லன்னு சொல்லியிருப்பேன் மக்கா. உள்ளதத்தானே எழுதியிருக்க. நான் என்னத்தச் சொல்லட்டு?"

சாயா ஆறிப்போயிருந்தது. ஷைஜா அதைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

இதழாசிரியர் அடுத்த கதை கேட்டு இரண்டு முறை அழைத்தார். இப்போது ஒன்றும் கைவசம் இல்லை என்றாள். வேறு எதையாவது எழுதலாமென்று கடலைப் பற்றியும் கல்லூரி நாட்களைப் பற்றியும் முயன்று பார்த்தாள். இரண்டு பக்கம் தாண்டவில்லை. பதினொரு வருடத்தில் அவள் கண்ட மனிதர்களெல்லாம் அந்த மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர்கள்தான். அவர்களை எழுதினால் வேலை இல்லை. அவர்களை விட்டால் எழுத ஒன்றுமில்லை.

போன வாரம் பாகப்பிரிவினைக்கு அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். எல்லாம் பிரித்து முடிந்தபின் இளையவன் திடீரென்று கேட்டான்: "அம்ம கெடந்த கட்டிலு ஆருக்கு?"

ஷைஜாவின் விரல்கள் விசைப்பலகைமேல் நின்றன. உள்ளறையிலிருந்து ஜான்ரோஸ் எட்டிப் பார்த்தார்.

"சர்வே நம்பர் சொல்லுங்க" என்றாள்.