சாச்சா ஒட்டிய விலைச்சீட்டு

எதையும் திகதியோடு சொன்னால்தான் எனக்கு நிம்மதி. இந்தச் சம்பவத்தின் நாளை மட்டும் குறித்து வைக்கவில்லை. நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, 2013இன் முதல் மூன்று மாதங்களுக்குள் நடந்திருக்க வேண்டும் என்பதுவரை வந்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

வாப்பாவின் தம்பியான சாச்சாவுக்கு மாத்தளை நகரத்தில் ஒரு பலசரக்குக் கடை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான். பிஸ்கட், மா என்று எந்தப் பக்கெட்டைக் கொடுத்தாலும் ஹலால் முத்திரை எந்த மூலையில் இருக்கிறது என்று உடனே காட்டிவிடுவேன். முத்திரை பார்க்காமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று மதரஸாவில் சொல்லியிருந்தார்கள். தண்ணீர்ப் போத்தலில்கூட அது இருந்தது. தண்ணீர் எப்படி ஹராமாகும் என்று கேட்டேன். "பேசாமக் குடி" என்றார் உம்மா.

கடைக்கு ஒரு சிங்கள டீச்சர் வருவார். முன்பள்ளி நடத்துபவர். பிள்ளைகளுக்காக மாதா மாதம் பெட்டிக் கணக்கில் பிஸ்கட் வாங்குவார். அவரை நம்பித்தான் சாச்சா மொத்தமாகச் சரக்கு எடுப்பார். டீச்சர் மூக்குக்கண்ணாடியை எப்போதும் வீட்டில் மறந்துவிட்டு வருவதால், காலாவதித் திகதியை வாசித்துச் சொல்வது என் வேலை. "எங்க, இன்ஸ்பெக்டர் நோனா, திகதி சொல்லுங்க" என்று, என்னைப் பெரிய அம்மணியாக்கிக் கேட்பார்.

அந்த ஆண்டு, முத்திரை உள்ள சாமானை வாங்காதீர்கள் என்று கொழும்பில் சில பௌத்த பிக்குகள் மேடை போட்டுச் சிங்கள மக்களிடம் பேசத் தொடங்கினார்கள். எங்கள் பஸ் நிலையச் சுவரிலும் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. எனக்குத் தலை சுற்றியது. முத்திரை இல்லாவிட்டால் வாங்காதே என்றது ஒரு பக்கம், இருந்தால் வாங்காதே என்றது மறுபக்கம். நடுவில் இருந்ததோ அதே பிஸ்கட்.

வியாபாரம் குறைந்ததும் சாச்சா ஒரு தந்திரம் செய்தார். விலைச்சீட்டை முத்திரைக்கு மேலேயே ஒட்டினார்.

"நம்ம ஆள் வந்தா உரிச்சுக் காட்டு. அவங்க வந்தா அப்பிடியே குடு" என்றார்.

எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். நெற்றியில் திருநீறு. எனக்குக் குழப்பம்.

"சாச்சா, இவருக்கு உரிக்கிறதா, வேணாமா?"

சாச்சா அசடு வழிய விஷயத்தைச் சொன்னார். வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எனக்குப் பாதி உரிச்சுக் குடுங்க மொதலாளி. ரெண்டு பக்கமும் சண்டை வேணாம்."

சாச்சாவும் சிரித்தார். அந்த வாரம் அவர் சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான்.

பிறகு டீச்சர் வந்தார். வழக்கம்போல் பக்கெட்டை என்னிடம் நீட்டினார். திகதி முத்திரைக்குக் கீழேதான் அச்சாகியிருந்தது. சாச்சாவின் சீட்டு இரண்டையும் மூடியிருந்தது. திகதியை மறைத்து விற்றால் வழக்கு வரும் என்று சாச்சாவே எனக்குச் சொல்லித் தந்திருந்தார். முத்திரை போடச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை என்பதும் அவர் சொன்னதுதான். எனவே சட்டப்படி நடந்தேன். சீட்டை உரித்தேன்.

டீச்சர் குனிந்து பார்த்தார். அந்தச் சின்ன வட்டத்தை விரலால் தொட்டார். அடுத்த பக்கெட்டை எடுத்தார், அதற்கடுத்ததையும். எல்லாவற்றிலும் சீட்டு ஒரே இடத்தில் இருந்தது.

"மொதலாளி, இத எனக்காகவா ஒட்டினீங்க?"

"இல்ல மிஸ்... வெல மாறிச்சு..."

"சரி" என்றார். பக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கிவிட்டு, ஒன்றும் வாங்காமல் போனார்.

"கண்டுட்டாங்க. இனி வரமாட்டாங்க" என்றார் சாச்சா. என்னை ஏசவில்லை.

அடுத்த மாதம் டீச்சர் வரவில்லை. பெட்டிகள் அப்படியே கிடந்தன. மார்ச்சில் மார்க்கப் பெரியவர்களும் பெரிய வர்த்தகர்களும் கொழும்பில் கூடி, உள்நாட்டில் விற்கும் சாமானுக்கு இனி முத்திரை வேண்டாம் என்று அறிவித்தார்கள். வெளிநாட்டுக்குப் போவதில் இருக்கலாமாம். முத்திரையில்லாத புதுப் பக்கெட்டுகள் வந்தன. வீட்டில் எல்லோரும் சாதாரணமாகத் தின்றார்கள். எனக்கு மட்டும் பல நாட்கள் தொண்டையில் இறங்கவில்லை.

ஒரு நாள் நான்கு கடை தள்ளி டீச்சரைக் கண்டேன். அதுவும் ஒரு முஸ்லிம் கடைதான். பழைய சரக்கு, முத்திரை பளிச்சென்று தெரியும் பெட்டிகள். இரண்டைத் தூக்கி ஓட்டோவில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கன்னத்தைத் தட்டி, படிப்பைப் பற்றி விசாரித்தார். சாச்சாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

மூச்சிரைக்க ஓடி வந்தேன்.

"சாச்சா! மிஸ் முத்திரை போட்ட பிஸ்கட்டே வாங்கிட்டுப் போறாங்க! அவங்களுக்கு முத்திரை மேல கோவமே இல்ல!"

சாச்சா துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் தராசுத் தட்டை விட்டுவிட்டு, விற்காமல் கிடந்த ஒரு பழைய பக்கெட்டின் சீட்டை நகத்தால் சுரண்டத் தொடங்கினார். முன்னால் ஒருவர் சீனிக்குக் காத்திருந்தார்.

"நீ வீட்டுக்குப் போ, மகள்" என்றார் கடைசியில்.

இவ்வளவு நல்ல செய்தியைக் கொண்டுவந்த என்னை ஏன் விரட்டுகிறார் என்று, வீடு போய்ச் சேரும்வரை எனக்கு விளங்கவேயில்லை.