மேனேஜர் அறைச் சுறாக்கள்

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி மேனேஜர் அறைச் சுவரில் மூன்று சுறாப் படங்கள் தொங்குகின்றன. காலையில் அவற்றின் கண்ணாடியைத் துடைப்பது என் வேலை. இடது கையால்தான் துடைக்கிறேன். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம்.

முன்பு இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமெடுக்கும் பிரஸ் ஷாப்பில் இருந்தேன். பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்று அந்த ஏற்பாடு. டார்கெட் நெருக்கும் நாட்களில் சூப்பர்வைசர் வந்து ஒரு பட்டனை அமுக்கி டேப் ஒட்டிவிட்டுப் போவார். அப்போது ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டில். தகட்டை எடுக்கப் போன கை மேல் டை இறங்கிவிட்டது.

கையில் கட்டோடு மேனேஜரைப் பார்க்கப் போன அன்று, வாசலிலேயே சூப்பர்வைசர் என் தோளைப் பிடித்தார்.

"டேப்ப நீயே ஒட்டிக்கினதா சொல்லிடு தம்பி. ஆபீஸ்லயே எதுனா ஒரு வேல போட்டுத் தருவாங்க. என் பேரச் சொன்னா ரெண்டு பேருமே வெளிய நிக்கணும்."

வாலாஜாபாத்தில் மனைவி மாசமாக இருந்தாள். அந்தக் கையை வைத்துக்கொண்டு வேறு எந்தக் கம்பெனி கேட்டில் போய் நிற்பது?

உள்ளே மேனேஜர் போனில் இருந்தார். நான் படங்களைப் பார்த்தேன். ஒன்று சுத்தியல் தலைக் கொம்பன் சுறா, முதுகெல்லாம் கத்தரிப்பூ நிறம். நடுவில் இருந்த சுறா வாயைப் பிளந்திருந்தது. வாய்க்கு அடித்த சிவப்பு பல்லைத் தாண்டித் தாடைக்கு வழிந்திருந்தது. போனை வைத்தவர் சந்தோஷமாக எழுந்து வந்தார்.

"இருநூறு வருஷப் படம். வெளிநாட்டுல வாங்கினது. செம்புத் தகட்டுல செதுக்கி, பிரஸ்ல அழுத்தி அச்செடுப்பாங்க. அப்புறம் பொண்ணுங்க வரிசையா உக்காந்து கலர் அடிப்பாங்க. ஒருத்தி வாய் மட்டும், ஒருத்தி முதுகு மட்டும். எல்லாமே கையால!"

என் கையில் இருந்த கட்டை அவர் பார்க்கவே இல்லை. அந்தக் காலத்திலேயே லைன் வேலை இருந்திருக்கிறது. சிவப்பு அடித்தவளுக்கும் எவனோ டார்கெட் வைத்திருப்பான், இல்லாவிட்டால் இப்படிச் சிந்தியிருக்கமாட்டாள்.

அவர் நாற்காலிக்குத் திரும்பிக் கேட்டார். "பட்டனுக்கு டேப் ஒட்டினது யாரு?"

"நான்தான் சார்."

"ஐ.டி.ஐ. படிச்சவன் செய்யற வேலையா இது?"

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். கட்டுப் பிரித்ததும் ஹவுஸ்கீப்பிங்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

இரண்டு கையாலும் ஓட்டும் பிரஸ்ஸின் சத்தத்தில் ஒரு இடைவெளி இருக்கும். கை தகட்டை விட்டுப் பட்டனுக்கு வரும் நேரம் அது. மேனேஜர் அறைச் சுவர் வழியாகவும் கேட்கும். போன வாரம் கொம்பன் சுறாவைத் துடைக்கும்போது அந்த இடைவெளி கேட்கவில்லை. தடதடவென்று விழுந்துகொண்டே இருந்தது. என் பழைய மெஷினில் இப்போது புதிதாகக் கல்யாணமான ஒருவன் நிற்கிறான். துணியோடு மேனேஜர் மேசைக்குப் போனேன்.

"சார், மறுபடியும் டேப் ஒட்டிக்கினு ஓட்டறாங்க சார். சத்தத்துலயே தெரியுது. நிறுத்தச் சொல்லுங்க சார்."

அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சூப்பர்வைசர் அதெல்லாம் விடமாட்டார். டேப் ஒட்டற புத்தி உனக்குத்தானே இருந்துச்சு?"

அவர் நடுப் படத்தைக் கைகாட்டினார். அதை நான் அதுவரை துடைத்திருக்கவில்லை.