குப்பண்ணன் போட்ட கையெழுத்து

எல்லை தாண்டி மலையாளச் சீமையில், கோவிந்தாபுரத்துக்கு மேற்கே, மேட்டுச்சாளை வார்டு மெம்பர் குப்பண்ணன். கடலைக்காட்டில் ஒரு களை தப்பாது அவர் கண்ணுக்கு. காகிதம் என்றால் மட்டும் அந்தக் கண் அவிந்துபோகும். பஞ்சாயத்துக் காகிதம் எல்லாம் மலையாளம். பேச்சு நன்றாகப் புரியும், எழுத்து சுத்தமாகத் தெரியாது. யாராவது விரல் வைத்துக் காட்டிய இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டுவிடுவார். தேர்தல் தள்ளிக்கொண்டே போனதில் பதினோரு வருஷமாக இதே கூத்து. பிரசிடெண்டு செங்கோட்டையன் வேறு அவருடைய அக்காள் வீட்டுக்காரர். மச்சான் நீட்டினால் எதற்கென்று கேட்பாரா? கேட்கவே மாட்டார், அப்படி ஒரு மனுஷன்!

எழுபத்தைந்தாம் வருஷம் ஒரு நாள், இன்னொரு மெம்பர் கந்தப்பன் டீக்கடையில் ஒரு தாளை நீட்டினார்.

"வாய்க்கால் தண்ணிக்கு மனுங்க."

குப்பண்ணன் போட்டார்.

பத்து நாள் கழித்துக் கூட்டம். மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி அதே தாளை வாசித்தார். பிரசிடெண்டை நீக்கச் சொல்லும் நம்பிக்கையில்லாத் தீர்மானம்! கொண்டுவந்தவர்களில் முதல் பெயர் குப்பண்ணன்.

குப்பண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"அக்கா ஊட்டுச் சோத்தத் தின்னுபோட்டு இந்த வேலையாடா பண்ணுனே?" செங்கோட்டையன் கத்தினார்.

"அய்யய்யோ, சத்தியமா எனக்குத் தெரியாதுங்க மச்சான்! கை தூக்க மாட்டனுங்க."

மற்ற எட்டுப் பேரில் நாலு பேர் அந்தப் பக்கம், நாலு பேர் இந்தப் பக்கம். பிரசிடெண்டு பதவி குப்பண்ணன் கையில்தான் தொங்கியது.

அதிகாரி குற்றச்சாட்டுகளை வாசித்தார். மூன்றாவதாக, மேட்டுச்சாளைக் கிணற்றுக்கென்று பிரசிடெண்டு எடுத்த பணம் வந்தது. அங்கே பொதுக்கிணறு வெட்டி முடித்தாயிற்று, தண்ணீர் இருக்கிறது என்று வார்டு மெம்பரே போன வருஷம் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அந்தத் தாளையும் காட்டினார். அடியில் குப்பண்ணனின் கோணல் கையெழுத்து.

எந்தக் கிணறு? இன்று காலையில்கூட அவர் மனைவி சுப்பாத்தாள் ஒன்றரை மைல் நடந்து வாய்க்காலில்தான் குடம் நிறைத்தாள். கந்தப்பன் ஏமாற்றியது ஒரு தடவை. மச்சான் எத்தனை தடவை? இத்தனை காலம் குப்பண்ணன் எதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டார் என்பது அவருக்கே தெரியாது.

ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார் அதிகாரி. நாலு கை எழுந்தது. பிறகு ஐந்தாவது.

"டேய்! உங்கக்கா மூஞ்சில எப்படிறா முழிப்பே?"

குப்பண்ணன் தூக்கிய கையை இறக்கவில்லை.

"அந்தக் கெணத்துல ஒரே ஒரு கொடம் தண்ணி சேந்திக் குடுங்க மச்சான். கைய எறக்கிப் போடறேன்."