வானத்தில் ஓர் ஊசித்துளை

மங்கலம்பேட்டை ஹபீபுல்லா பாய்க்குத் திரௌபதி தர வேண்டியிருந்தது நாற்பத்திரண்டாயிரம் ரூபாய். பக்ரீத்துக்குள் தருகிறேன் என்று சொல்லி, கேமராவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியவள் அவள். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. "விருத்தாசலம் செராமிக் பேட்டை திரௌபதின்னு யாரையாவது கேட்டுப் பாருங்க" என்று சொன்னதுதான் ஜாமீன். அந்தப் பேருக்கு நாற்பத்திரண்டாயிரம் என்ன, லட்சமே நம்பிக் கொடுக்கலாம் என்பது அவள் எண்ணம். அதில் பெரிய தப்பும் இல்லை.

அவள் படித்தது ஐந்தாவது வரை. அதையும் பாதியில் விட்டாள். நல்லூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மறுமாதமே பேட்டையில் கூலிக்குச் சேர்ந்தாள். மண் சுமந்தாள், அச்சில் மண்கூழ் ஊற்றினாள், சூளை வண்டியில் சாமான் அடுக்கித் தள்ளினாள். பத்தாவது வருஷம் தரம் பார்க்கும் மேசையில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் அந்த மேசையைத் தாண்டி விரிசல் விட்ட கோப்பை ஒன்று வெளியே போனதில்லை. மற்றவர்கள் கோப்பையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். திரௌபதி விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். வெளியூர் வியாபாரிகள் இவளைச் சோதிக்கவே ஓட்டைச் சாமானை நல்லதோடு கலந்து வைத்துத் தோற்றுப் போனதுண்டு.

படம் பிடிக்கவும் அவளுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பெங்களூர் வியாபாரி ஒருவர் சாமான்களைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னபோது, முதலாளியின் மகன் ஆனந்தராஜ் போனை இவள் கையில் திணித்தான். எந்தச் சாமானுக்கு எந்தப் பக்கம் முகம் என்று தெரிந்தவள் அவள்தானே. படத்தைப் பார்த்த வியாபாரி, எந்த ஸ்டுடியோவில் எடுத்தது என்று கேட்டாராம். இந்தக் கதையைத் திரௌபதி சொல்லிக் கேட்காதவர் பேட்டையில் யாரும் இல்லை. பிறகு ஒரு பழைய கேமரா வாங்கினாள். பேட்டையில் பத்துப் பட்டறைக்குப் படம் எடுத்தாள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று கம்மாபுரம் வரைக்கும் கூப்பிட்டார்கள். அந்தக் கேமரா இந்த மாசியில் உயிரை விட்டது.

அப்படி விட்ட நேரம்தான் வேடிக்கை. ஆனந்தராஜும் இன்னும் நாலு பட்டறைக்காரர்களும் சேர்ந்து பெரிதாக ஒரு படப் புத்தகம் போட முடிவு செய்திருந்தார்கள். முந்நூற்றைம்பது சாமான், ஒரு படத்துக்கு நூற்றிருபது ரூபாய். "அக்கா, ஒங்களுக்குத்தான். கேமரா இருந்தா" என்றான் ஆனந்தராஜ். அந்தக் கடைசி வார்த்தை அவளைச் சுட்டது. சீட்டுப் பணம் இருபதாயிரத்தை எடுத்துக்கொண்டு மறுநாளே மங்கலம்பேட்டைக்குப் போனாள்.

பாய் வைத்திருந்தது வெளிநாட்டுச் சாமான் கடை. அவருடைய மச்சான் சார்ஜாவிலிருந்து வந்தபோது இரண்டு கேமரா கொண்டுவந்திருந்தார். ஒன்று கையடக்கமானது, பெரிய ஜூம் உள்ளது. மற்றது மிரர்லெஸ். கல்யாணப் படம் எடுப்பவர்கள் வைத்திருக்கும் உயர்ந்த ரகம், கழற்றி மாட்ட இரண்டு லென்ஸோடு.

"அக்கா, கண்ண மூடிக்கிட்டு இத எடுங்க." பாய் சின்னதை நீட்டினார். "இருபத்திரண்டு சொல்றேன், ஒங்களுக்கு இருபது. கடனே வேணாம், காச குடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போயிடலாம். லென்ஸ் மாத்துற ரோதனை இல்ல. வாங்க, காட்டுறேன்."

வாசலுக்குக் கூட்டிப்போனார். பள்ளிவாசல் மினாராவின் உச்சியில் ஒலிபெருக்கிமேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. பாய் பொத்தானை அழுத்த அழுத்த, கேமராவின் மூக்கு நீண்டுகொண்டே போய், காக்கையின் கண் திரையில் வந்து நின்றது.

"அடி ஆத்தீ!" என்றாள் திரௌபதி. மயங்கித்தான் போனாள். பொய் சொல்வானேன்.

"பாத்தீங்களா? அந்தப் பெருசு அறுபத்திரண்டாயிரம். அதுவும் இந்தக் காக்காய இப்புடி புடிக்காது. அந்தக் கனத்த இந்த வயசுல தோள்ல மாட்டிக்கிட்டு நீங்க எங்கக்கா அலைவீங்க?"

"வயசா? சூளை வண்டி தள்ளுன தோளு பாய் இது. ஒங்க கடை ஷட்டர ஒத்தக் கையால எறக்கிக் காட்டட்டுமா?"

சொல்லிக்கொண்டே இரண்டு கேமராவையும் வாங்கி, விரல் முட்டியால் ஒவ்வொரு தட்டுத் தட்டினாள்.

"யக்கா, யக்கா! பானையா அது?" என்று பாய் பதறினார்.

திரௌபதி பையிலிருந்து ஒரு வெள்ளைக் கோப்பையை எடுத்து மேசைமேல் வைத்தாள். "காக்காயப் படம் எடுத்தா எனக்கு எவன் பாய் காசு குடுப்பான்? இத எடுங்க, ரெண்டுலயும்."

அந்தக் கோப்பையின் கைப்பிடி ஓரத்தில் முடி அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. பாய் கையில் வாங்கிப் பார்த்தும் அவருக்குத் தெரியவில்லை. இரண்டு படத்தையும் கடை டிவியில் போட்டுப் பெரிதாக்கினார்கள். சின்னக் கேமராப் படத்தில், கடையின் டியூப் லைட் வெளிச்சத்துக்குக் கோப்பை முழுக்கக் கஞ்சி ஆடை படிந்தது போல மொழுக்கென்று இருந்தது. விரிசல் காணோம். மிரர்லெஸ் படத்தில் அது கறுப்பு நூல் ஒட்டிவைத்ததுபோலத் தெளிவாகக் கிடந்தது. மெருகின் பளபளப்புகூட ஈரம் மாதிரி இருந்தது.

"இதுதான் பாய் என் கண்ணு" என்றாள். "இருபது இப்ப. நாப்பத்திரண்டு பக்ரீத்துக்குள்ள."

பாய் தாடியைத் தடவினார். "வரலன்னா?"

"கேமராவும் ஒங்களுது, இருபதும் ஒங்களுது."

"சரிக்கா, இன்ஷா அல்லா. ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. இதுல லென்ஸ் கழட்டுனா உள்ள தொறந்து கெடக்கும். தூசி பூந்துடும், ஜாக்கிரதை."

திரௌபதி சிரித்தாள். "முப்பது வருஷமா மண்ணையே மூக்குல இழுத்தவ பாய் நானு. எனக்கேவா தூசியப் பத்திச் சொல்றீங்க?"

ஐந்து நாள் வேலை தண்ணீர்பட்ட பாடாக நடந்தது. சன்னலோரம் வெள்ளை வேட்டியைக் கட்டி வெளிச்சத்தை மட்டுப்படுத்தினாள். ஸ்டாண்டில் கேமராவை அசையாமல் நிறுத்தி, மேசையில் பென்சிலால் ஒரு குறி போட்டு, ஒவ்வொரு சாமானையும் அதே குறிமேல் வைத்து எடுத்தாள். ஜாடி, ஊறுகாய்ப் பரணி, விளக்கு, பொம்மை என்று இருநூறு படம் முடிந்தது. ஆறாம் நாள் காலையில் கோப்பைகளின் முறை. பெரிய ஜாடிக்குப் போட்ட லென்ஸைக் கழற்றிக் கிட்டத்தில் எடுக்கும் லென்ஸை மாட்டினாள். நின்ற இடம், சூளைக்குப் போகாத காய்ந்த பச்சைச் சாமானை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் இடத்துக்குப் பக்கம். புகைபோலப் பறந்துகொண்டிருந்தது மண். அவளுக்கு அது கண்ணிலேயே படவில்லை. மீனுக்குத் தண்ணீர் தெரியுமா?

மதியம் ஆனந்தராஜின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கோப்பைப் படங்களைப் பெரிதாக்கினாள். முதல் கோப்பையின் வயிற்றில், கைப்பிடிக்குக் கொஞ்சம் கீழே, கறுப்பாக ஒரு புள்ளி. ஊசித்துளை. சாமான்மேல் பூசும் மெருகில் காற்று மாட்டினால் வருகிற கோளாறு. அடுத்த கோப்பை. அதே இடத்தில் அதே துளை. பத்து, இருபது, முப்பது. எல்லாவற்றிலும் அதே இடம்.

துளை அங்கொன்று இங்கொன்றாக இருந்தால் அது மெருகின் குற்றம். வரிசையாக ஒரே இடத்தில் வந்தால் அச்சில் கோளாறு, அந்த அச்சில் வார்த்தது அத்தனையும் போச்சு. பேட்டையில் தரம் பார்க்கிற எவருக்கும் இது பால பாடம். வெளியே கோயம்புத்தூர் ஓட்டலுக்குப் போக வேண்டிய நாலாயிரம் கோப்பை லாரியில் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏத்தாதீங்க! எறக்குங்க எல்லாத்தையும்!"

லாரிக்காரர் கத்தினார். ஆனந்தராஜ் ஓடிவந்தான். "என்னாக்கா ஆச்சு?"

"அச்சே கோளாறு தம்பி. கோப்பைக்கு ஒரு ஓட்டை. இத யாரு பாத்து வுட்டது?"

எல்லோருக்கும் தெரியும் யாரென்று. திரௌபதி படம் எடுக்கப் போனதிலிருந்து தரம் பார்க்கும் மேசையில் இருப்பவள் காசியம்மாள். திரௌபதியோடு ஒரே நாளில் கூலிக்குச் சேர்ந்தவள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நான்தான் பாத்தேன். இன்னாடி இப்ப?"

"கண்ணு தெரியலன்னா கண்ணாடி போடு. இல்லன்னா வூட்ல குந்து. பேட்டை பேர ஏன் கெடுக்குற?"

காசியம்மாளின் முகம் வெளுத்தது. மகள் கல்யாணத்துக்கு ஆனந்தராஜிடம் வாங்கிய முன்பணம் இன்னும் கழியவில்லை. இந்த வேலை போனால் அவளுக்கு வேறு போக்கில்லை. ஆனால் அவள் அழவில்லை. "மை எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள்.

பேட்டையில் சந்தேகம் வந்தால் மைதான் சாட்சி. நீல மையைச் சாமான்மேல் தேய்த்து ஈரத் துணியால் துடைத்தால், விரிசலோ துளையோ இருந்தால் மை அதில் தங்கிக்கொள்ளும். காசியம்மாள் ஒரு பெட்டியைத் திரௌபதியையே எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். கோப்பை கோப்பையாகத் தேய்த்தாள், துடைத்தாள், திரௌபதியின் மூக்கு முன்னால் நீட்டினாள். பால்போல வெள்ளை. இருபதாவது கோப்பையைத் துடைத்தபோது சூளைக்காரர்கள்கூட வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

"எங்கடி ஓட்டை? மூஞ்சிலதான் ரெண்டு இருக்குது ஒனக்கு."

திரௌபதி ஒரு கோப்பையை வாங்கி முட்டியால் தட்டினாள். மணிபோல ஒலித்தது. அந்தச் சத்தம் பொய் சொல்லாது. அப்படியென்றால் பொய் சொல்வது எது? ஸ்டாண்டிலிருந்து கேமராவைக் கழற்றிக் கொண்டுவந்து, தலைக்கு மேலே மேகமில்லாத வானத்தை ஒரு படம் எடுத்தாள். திரையில் பெரிதாக்கினாள். நீல வானத்தில், கைப்பிடிக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டிய அதே இடத்தில், அதே ஊசித்துளை.

காசியம்மாள் எட்டிப் பார்த்தாள். "அட! மேல இருக்குறவனுக்கும் அச்சு சரியில்லையாடி?"

பேட்டையே சிரித்தது. லாரிக்காரரும் சிரித்தார். திரௌபதிக்கு அந்த நிமிஷம் பாய் சொன்னது காதில் விழுந்தது: உள்ள தொறந்து கெடக்கும். லென்ஸ் மாற்றும்போது உள்ளே புகுந்த ஒரு மண் துகள். முப்பது வருஷமாக மூக்கில் இழுத்த அதே மண்.

முணுமுணுத்துவிட்டு நழுவுகிற பிறவியல்ல அவள். எவ்வளவு சத்தமாகக் குற்றம் சொன்னாளோ அவ்வளவு சத்தமாகவே சொன்னாள்: "ஓட்டை கோப்பையில இல்ல. என் கேமராவுல. காசியம்மா கண்ணு நல்ல கண்ணு. நான் வாய வுட்டது தப்பு. லாரி நின்ன காச என் கூலியில புடிச்சிக்க தம்பி."

"மூவாயிரம் கேக்குறாருக்கா."

"புடி."

ஆனந்தராஜுக்கு மனசு கேட்கவில்லை. "அந்தச் சின்னக் கேமராவையே எடுத்திருக்கலாம். அதுல தூசி எங்கேருந்து பூரும்? பாய்கிட்ட மாத்திக்குங்களேன், கடனும் தீந்துடும்."

"தூசி பூராது, சரி. விரிசலும் தெரியாது. மூடிவச்ச கண்ணுக்கு என்னா தெரியும்? எனக்குத் தொறந்த கண்ணுதான் வேணும். தூசிய நான் பாத்துக்குறேன்."

பார்த்துக்கொண்டாள். கடைத்தெருவில் ரப்பர் பந்து ஊதல் ஒன்று வாங்கி, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து நாலு ஊது ஊதினாள். வானம் சுத்தமானது. இனி லென்ஸ் மாற்ற ஒரே இடம், ஈரச் சாக்குப் போர்த்தி அச்சுகளை வைத்திருக்கும் ஈர அறை. தரை எப்போதும் நனைந்தே கிடப்பதால் அங்கே தூசி எழாது. ஒவ்வொரு நாளும் முதல் படம் வானம், அதற்கப்புறம்தான் சாமான். கெட்டுப்போன அறுபது படத்தையும் காசு கேட்காமல் திரும்ப எடுத்தாள். கோப்பையைத் துடைத்துக் குறிமேல் வைத்தவள் காசியம்மாள்.

"தள்ளி நில்லுடி, நெழலு விழுது."

"விழட்டும். அதையும் ஓட்டைன்னுதான சொல்லப்போற?"

பக்ரீத்துக்கு நாலு நாள் இருக்க முந்நூற்றைம்பதாவது படம் முடிந்தது. ஆனந்தராஜ் முப்பத்தொன்பதாயிரம் கொடுத்தான். குறைந்த மூவாயிரத்துக்குக் கம்மாபுரத்தில் ஒரு காதுகுத்து வந்தது. குழந்தை அழுத கண்ணீர் கன்னத்தில் உருள்வதை உருண்டையாகப் பிடித்தாள். தாய்மாமன் மறுபேச்சில்லாமல் கேட்டதை எடுத்துக் கொடுத்தார்.

பண்டிகைக்கு முந்தின நாள் பாய் கடையில் கூட்டம் அலைமோதியது. அந்தச் சின்னக் கேமரா இன்னும் கண்ணாடி அலமாரியில் இருந்தது. திரௌபதி அதைப் பார்த்தாள். காக்கையின் கண் ஞாபகம் வந்தது. நல்ல பொருள்தான், தனக்கானதில்லை.

"வாங்கக்கா! கேமரா எப்புடி? தூசி கீசி பூந்துச்சா?"

"பூந்துச்சு பாய். வானத்துக்கே ஓட்டை போட்டுடுச்சு. நானே அடைச்சுட்டேன்."

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "அவசரம் இல்லக்கா, பண்டிகை கழிச்சிக்கூட..."

"கைய நீட்டுங்க."

நீட்டினார். மடியிலிருந்து கட்டைப் பிரித்து, கடையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, ஐந்நூறு ஐந்நூறாக அந்த விரிந்த கையில் வைத்துக்கொண்டே வந்தாள். சத்தமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடங்கியவள், நடுவில் ஒரு நோட்டு மற்றொன்றோடு ஒட்டியிருப்பதை விரலிலேயே கண்டுபிடித்துப் பிரித்து, நிறுத்தாமல் எண்ணி, எண்பத்து நாலாவது நோட்டைப் பாயின் உள்ளங்கையில் வைத்தாள்.